பரசுராமன் தீர்மானம்

தை 20, ஞாயிறு

நேற்றுப் பெருமாள் புறப்பாடு நல்லபடியாக முடிந்தது. தோள் வலி. தவில் வாசிக்க வலது கை விரலில் மாட்டுகிற கூடு இரண்டு உடைந்துபோனது. பசை தடவித் துணி சுற்றி வெயிலில் காய வைத்திருக்கிறேன்.

"எழுபத்தி ரெண்டு வயசுல தவிலைத் தோள்ல மாட்டிக்கினு நாலு தெரு சுத்தணுமா" என்றாள் துளசி. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மறுநாள் சொல்வதுதான். வெந்நீரும் வைத்துக் கொடுப்பாள்.

மத்தியானம் சந்தியா போன் பண்ணினாள். எங்களுக்கு ஒரே பெண். பெரம்பூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். சனி, ஞாயிறு ஆனால் ஒரு குழுவில் டிரம்ஸ் அடிக்கிறாள். அவர்கள் வாசிப்பதற்குப் பெயர் ஹெவி மெட்டல். ஐந்து வருஷமாக நடக்கிறது. நான் போய்க் கேட்டதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

நேற்றுப் புறப்பாட்டை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பார்த்தாளாம்.

"அப்பா, கிணத்து முக்கு வந்ததும் மேளம் நின்னுடுது இல்ல. அப்ப உங்க வெரல் மட்டும் தவில் ஓரத்துல ஓடிக்கினே இருக்குது. சின்னதுலேருந்து பார்க்கறேன். அது என்னாப்பா?"

ஒண்ணும் இல்லம்மா, சும்மா கணக்கு, என்றேன்.

"சும்மா இல்ல. நாலு ஆவர்த்தனம். போன வைகாசி வீடியோலயும் அதேதான் போடறீங்க. ரெண்டையும் வெச்சுப் பார்த்துட்டேன்."

போனைத் துளசியிடம் கொடுத்துவிட்டேன்.

தை 21

யாரிடமும் சொல்லாததை இதில் சொல்லலாம்தானே. பல் படம் போட்ட டைரி, சந்தியா ஆஸ்பத்திரியில் கொடுத்தது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். என் எழுத்து அறிவொளி வகுப்பில் நாற்பது வயதுக்கு மேல் வந்த எழுத்து. பிழை இருக்கும்.

எங்கள் பெருமாள் வருஷத்தில் மூன்று தடவை நான்கு தெரு சுற்றுவார். தை, வைகாசி, ஆனி. வேணுகோபால் அண்ணன் நாகஸ்வரம், நான் தவில். நாற்பத்தி மூன்று வருஷம். முன்பு இரண்டு தவில். இன்னொன்று அண்ணனுடைய கூடப் பிறந்த தம்பி பரசுராமன்.

பெருமாள் கிளம்பினால் மல்லாரி. அதற்குப் பாட்டு வார்த்தை கிடையாது, வாசிப்பு மட்டும். முதல் தெரு முடிகிற கிணற்று முக்கில் பல்லக்கு மெதுவாகத் திரும்பும். அங்கே பரசு ஒரு தீர்மானம் வைப்பான். தீர்மானம் என்றால் வாசித்ததை முடித்து வைக்கிற சொற்கட்டு. மூன்று தடவை வரும், கடைசி அடி தாளம் ஆரம்பிக்கிற இடத்தில் போய் விழ வேண்டும். எல்லோரும் வைப்பதுதான். பரசு வைப்பதில் முதல் இடைவெளி சின்னது. இரண்டாவது இடைவெளி பெரியது. மிகப் பெரியது. தவறவிட்டான், முடிந்தது என்று நினைப்போம். பல்லக்குத் தூக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் மூன்றாவதை எடுப்பான். போய்ச் சரியாக விழும். விழுந்த இடத்தில் அண்ணன் ஒரே ஸ்வரத்தில் எடுப்பார். அந்த முக்கைத் தவிர வேறு எங்கேயும் அதை வாசிக்க மாட்டான். கேட்டால், அது பெருமாளுக்கும் கிணத்துக்கும் நடுவுல, என்பான்.

மஞ்சள் காமாலையில் போனான். நாற்பத்தோரு வயது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

அடுத்த புறப்பாட்டில் அந்த முக்கில் அண்ணன் நாகஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நானும் நிறுத்தினேன். பல்லக்குத் திரும்பியது, காலடிச் சத்தம் மட்டும். நாலு ஆவர்த்தனம், தாளம் நாலு சுற்று, கழித்து மறுபடி எடுத்தார். அன்றையிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தம்பிக்காக நிறுத்துகிறார், இதில் கேட்க என்ன இருக்கிறது.

என் விரல் மட்டும் நிற்காது.

தை 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சந்தியா மறுபடி கேட்டாள். துளசி மாவு மில்லுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். "ஒரு தடவை சொல்லுங்கப்பா, நான் போன்ல பிடிச்சுக்கறேன்" என்றாள். வாய் திறந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாயால் சொன்னேன். இரண்டாவது இடைவெளி வந்தது. அந்தப் பக்கம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. விழுந்தது.

இருபத்திரண்டு வருஷம் வாயில் வராத சொல். ஒரு எழுத்து பிசகவில்லை. பெருமையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"யாரோடதுப்பா?" என்றாள். பரசு சித்தப்பா என்றேன். அவளுக்கு அவனை ஞாபகம் இருக்கிறது, தோளில் தூக்கிக்கொண்டு போவான்.

"நான் இதை வெச்சு ஒண்ணு பண்ணட்டா?"

பண்ணேன் என்றேன். டிரம்ஸில் தட்டிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

மாசி 4

பிள்ளையார்பாளையத்தில் கல்யாணம். அண்ணன் ஆபேரி வாசித்தார். மூச்சு குறைந்திருக்கிறது, ஆனால் குழைவு போகவில்லை. சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். பாயசம் வந்தது. பேச்சு மாறிப்போனது.

மாசி 11, ஞாயிறு

சென்னை போய் வந்தேன். சந்தியா கூப்பிட்டாள், முதல் தடவையாக. துளசி வரவில்லை. "நீங்க அடிக்கறதைக் கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்றாள்.

பெரம்பூரில் ஒரு மாடி அறை. சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஒட்டி வைத்திருக்கிறார்கள். சந்தியாவோடு இரண்டு பேர். அஜித், கிதார். லில்லி, பாட்டு. லில்லி ஒல்லியான பெண், பேசினால் காதில் விழாத குரல். பாட ஆரம்பித்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்தது, நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவளே நிறுத்திவிட்டு, "பயந்துட்டீங்களா தாத்தா, மன்னிச்சிடுங்க" என்றாள் மெல்லிய குரலில்.

முதலில் எனக்குச் சத்தம்தான் கேட்டது. மூன்றாவது தடவை வாசிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது.

கிதார் கம்பி கரகரவென்று கத்துகிறதே, அது பழுதில்லை. வேண்டுமென்றே வைத்த கரகரப்பு. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி நாக்கில் பட்டதும் நாகஸ்வரத்தில் முதலில் ஒரு கீறல் வருமே, அது. அண்ணன் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கிவிடுவார், இவர்கள் அதையே வைத்துக்கொள்கிறார்கள். அடியில் ஒரு ஸ்வரம் விடாமல் நிற்கிறது, ஒத்து மாதிரி. அதன் மேல் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. ரிஃப் என்கிறார்கள். சந்தியா இரண்டு காலாலும் பெரிய டிரம்மை உதைக்கிறாள். தவிலில் கனத்த சத்தம் தருகிற தொப்பிப் பக்கத்தை அவள் காலுக்குக் கொடுத்துவிட்டாள்.

அஜித் சின்ன வயதில் சர்ச்சில் பியானோ கற்றவன். வெள்ளைக்காரர்களுடைய முந்நூறு வருஷத்துப் பழைய சங்கீதம் ஒன்றைக் கிதாரில் அமைதியாக வாசித்தான். அழகாக இருந்தது, படி இறங்குகிற மாதிரி. அப்புறம் காலால் ஒரு பொத்தானை மிதித்தான். அதே ஸ்வரம், அதே விரல். அறை அதிர்ந்தது.

"இவ்ளோதான் தாத்தா மெட்டல். எங்க ஆளுங்க பாதிப் பேரு இங்கேருந்துதான் சுட்டாங்க. கோட்டு சூட்டைக் கழட்டிட்டு வாசிச்சாங்க."

"இதுக்கு சாமி யாருப்பா?" என்று கேட்டேன். புறப்பாடு இல்லாத இவ்வளவு சத்தம் எதற்கு என்று தெரிய வேண்டாமா.

லில்லி சிரித்தாள். "சாமி இல்லை தாத்தா. அதனாலதான் இவ்ளோ கத்தறோம்."

எனக்கு அது சிரிப்பாக இல்லை. சபாவில் எங்களையும் திரை தூக்கும்வரை வாசலில்தான் நிற்க வைப்பார்கள். மங்களத்துக்கு மேளம் வேண்டும், உள்ளே வந்தால் அவர்களுக்குக் காது வலிக்கும். தவில் உட்கார்ந்து கேட்பதற்குச் செய்த வாத்தியம் இல்லை. ஆயிரம் பேர் கோவிந்தா போடுவதற்கு மேலே எழும்ப வேண்டும், எழும்பிய பிறகும் கணக்கு கணக்காக நிற்க வேண்டும். இவர்களுக்கும் எந்த மண்டபமும் இடம் கொடுப்பதில்லையாம்.

கடைசியில் அந்தப் பாட்டு. முதலில் என் குரல், போனில் நான் சொன்னது, அப்படியே. முடிந்ததும் டிரம்ஸ், கிதார், உறுமல் எல்லாம் அதே சொற்கட்டில் மூன்று தடவை. இரண்டாவது இடைவெளியில் எல்லோரும் நிறுத்தினார்கள். கம்பிகூட முனகவில்லை. பரசு விட்ட அதே அளவு. விழுந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர்கள் பார்த்தார்கள். பரவாயில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டியதும்தான் உறைத்தது. இது அறைக்குள் நிற்காது. வெளியே வரும்.

மாசி 12

அண்ணனிடம் சொல்ல வேண்டும்.

மாசி 19

சொல்லவில்லை.

பங்குனி 9

பாட்டு வெளியே வந்துவிட்டது. டீக்கடையில் ஆட்டோ ஓட்டுகிற பிள்ளைகள் போனில் வைத்துக் கேட்கிறார்கள். "தாத்தா, இது நீங்கதானே, செம" என்று ஒருவன் என் டீக்குக் காசு கொடுத்துவிட்டான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சந்தியா பாட்டுக்குக் கீழே பரசுராமன் பெயரைப் போட்டிருக்கிறாளாம். தவில், காஞ்சிபுரம் என்று. அவன் பெயர் அச்சில் வந்தது கருமாதிப் பத்திரிகைக்கு அப்புறம் இதுதான்.

பங்குனி 14

அண்ணன் ஆள் அனுப்பினார். போனேன்.

அவர் மருமகள் ஜனனி ஒன்றும் தெரியாமல் போட்டுக் காட்டியிருக்கிறாள். "மாமா, சந்தியா அக்கா பாட்டு, பாலா மாமா குரல்கூட வருது" என்று. மூன்று தடவை போடச் சொன்னாராம். நான் போனபோது ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில். ஜனனி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பாலா, இது யாரோடது?"

"அண்ணா, மன்னிச்சிடுங்க. பரசுவோடதுதான். அங்க வாசிக்கக் கூடாதுன்னு நீங்க வெச்சிருக்கறதை நான் போய் வெளியில —"

"யார் வெச்சது?"

எனக்குப் புரியவில்லை.

"வாசிக்கக் கூடாதுன்னு நான் எப்படா சொன்னேன்?"

"மொத வருஷம் நீங்க வாயிலேருந்து எடுத்தீங்களே அண்ணா."

"எடுத்தேன். ஏன் எடுத்தேன்?" போனை மடியில் கவிழ்த்தார். "எனக்கு அது வரலைடா. முக்கு வந்திடுச்சு, அவன் எப்படி முடிப்பான், எங்க விழுவான், ஒண்ணும் ஞாபகம் வரலை. அவன் விழற எடம் தெரியாம நான் எங்கேருந்து எடுக்கறது? நிறுத்திட்டேன். நீயும் நிறுத்தின. எல்லாரும் தம்பிக்காகன்னு கண்ணைத் தொடச்சிக்கினாங்க. அப்புறம் நான் என்னான்னு சொல்றது?"

"என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணா."

"ஒரே தாய் வயித்துல கூடப் பொறந்தவன். அவன் வாசிச்சது எனக்கு மறந்துபோச்சுன்னு எவன்கிட்டப் போய்க் கேப்பேன்?"

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ வெரல்ல போட்டுக்கினு நிப்ப. பார்ப்பேன். ஏதோ காலி ஆவர்த்தனம் எண்ணறான்னு நெனச்சேன். அதையேவா போட்டுக்கினு இருந்த? என் பக்கத்துல நின்னுக்கினு? இருபத்தி ரெண்டு வருஷம்?"

"உங்க மனசு நோகுமேன்னுதான்."

"நோகட்டுமே. நொந்தாலும் எனக்கு இருந்திருக்கும்."

அப்புறம் சொன்னார், "பொண்ணு மேல கோவம் இல்லை. நல்லாப் போட்டிருக்குது. அந்தக் கம்பி, கிழிஞ்ச சீவாளி மாதிரி கத்துது, ஆனா சுதி நகரலை. பொண்ணு கேட்டுச்சு, உடனே சொல்லிட்ட. நான் கேக்கலை, நீ சொல்லலை. சரி போ."

இப்போது சொல்கிறேன் அண்ணா, என்று தொடையில் கை வைத்தேன்.

"வேணாம். இதுல இருக்குதே" என்று போனைக் காட்டினார்.

பங்குனி 15

அவர் கேக்கலை. நான் சொல்லலை. கேக்காதவருக்கு எப்படிச் சொல்றது? சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் — ஒரு நாள், கோயில் மடப்பள்ளிப் பக்கம் உக்காந்து, அண்ணா ஞாபகம் இருக்குதா பரசு வைப்பானேன்னு. அவ்ளோதான். அவ்ளோதானே. மூணு புறப்பாடு, இருபத்தி ரெண்டு வருஷம். அறுபத்தி ஆறு தடவை அந்த முக்குல நின்னிருக்கேன் அவர் பக்கத்துல.

மரியாதைன்னு நெனச்சேன். வாயை மூடிக்கினு இருக்கறதை மரியாதைன்னு நெனச்சேன்.

சித்திரை 1

வருஷப் பிறப்பு. அண்ணன் கோயிலுக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாகஸ்வரம் இல்லாமல் தவில் எதற்கு. தீபாராதனைக்கு மின்சார மேளத்தைப் போட்டார்கள். இரும்புக் கை தகரத்தை அடிக்கிறது, மணி ஆடுகிறது. அர்ச்சகர் என்னைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டார்.

சந்தியா வந்திருந்தாள். விஷயம் கேட்டதும் முகம் செத்துவிட்டது. "பாட்டை எடுத்துடறேன்பா" என்றாள்.

துளசி உள்ளேயிருந்து சொன்னாள், "எடுத்துட்டா அந்த மனுஷனுக்கு அதுவும் இல்லாமப் போயிடும். சும்மா இரு."

சந்தியா பெரியப்பாவைப் பார்க்கத் தனியாகப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். என்ன பேசினார் என்றேன். "டபுள் பெடல் எப்படிப் போடறேன்னு கேட்டாரு. ஊஞ்சல் பலகையில கால்ல தட்டிக் காட்டினேன். உங்களைப் பத்தி ஒண்ணும் பேசலைப்பா."

சித்திரை 18

ஜனனியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். தினமும் காலையில் காபி குடித்ததும் அந்தப் பாட்டைப் போடச் சொல்கிறாராம். "உறுமல் வர்ற எடத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்க்கறாங்க மாமா. இவரு கண்ணை மூடிக்கினு தாளம் போடறாரு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

அண்ணன் என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவளே புரிந்துகொண்டு கத்திரிக்காயைப் பொறுக்கினாள்.

வைகாசி 6

புறப்பாடு. அண்ணன் வரமாட்டார் என்று நினைத்து வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கோபுர வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாக வருகிறது, ஆள் இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சுருதி சேர்த்தோம்.

மல்லாரி எடுத்தார். மூச்சை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. முதல் தெரு முழுக்க நாட்டை ராகம் நிமிர்ந்து நின்றது.

கிணற்று முக்கு. வாயிலிருந்து எடுத்தார். எல்லோரும் நின்றார்கள். பல்லக்குத் திரும்ப ஆரம்பித்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. "போடு" என்றார்.

போட்டேன். விரலில் ஓடியதைத் தோலில் போட்டேன். முதல் தடவை. சின்ன இடைவெளி. இரண்டாவது தடவை. பெரிய இடைவெளி வந்தது. அப்போது கூட்டத்திலிருந்து யாரோ ஒரு பையன், "டேய் சந்தியா பாட்டுடா, தாத்தா பாட்டை வாசிக்கறாருடா" என்றான். போன்கள் மேலே போயின. அந்த இடைவெளியில் பரசு இல்லை, அந்தப் பையன் குரல்தான் இருந்தது.

மூன்றாவது எடுத்தேன். விழுந்த இடத்தில் அண்ணன் எடுத்தார். மயிரிழை முன்னே இல்லை, பின்னே இல்லை. அதே ஸ்வரம்.

நான்கு தெருவும் வாசித்தார். கோயிலுக்குத் திரும்பியதும் சீவாளியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தார்.

"எடுத்துட்டேன்பா. போதும்."

"அடுத்து ஆனி —"

"வேற ஆளைப் பார்த்துக்கோ பாலா. கோவம் இல்லை. உன் பக்கத்துல நிக்க முடியலை. அவ்ளோதான்."

நாகஸ்வரத்தை உறையில் போட்டுக்கொண்டு நடந்து போனார். நான் தவிலைத் தோளிலிருந்து இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

வைகாசி 7

துளசி இன்று ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர் வைத்தாள்.

வைகாசி 25

சந்தியா குழுவுக்குப் பெங்களூரில் பெரிய மேடை கிடைத்திருக்கிறது. அந்தப் பாட்டைக் கடைசியில் வாசிக்கப் போகிறார்கள். "வாங்கப்பா, மேடையில உங்களையே சொல்ல வைக்கறோம்" என்றாள். வேணாம்மா, என் குரல்தான் உங்ககிட்ட இருக்குதே, என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நன்றாக வாசி என்று சொன்னேன். இரண்டாவது இடைவெளியில் அவசரப்படாதே என்றும் சொன்னேன்.

ஆனி 14

இன்று புறப்பாடு. நாகஸ்வரம் வாலாஜாபாத் சத்யராஜ். முப்பது வயது, நெஞ்சு நிறைய மூச்சு. நல்ல வாசிப்பு, குறை சொல்ல முடியாது. முக்கைப் பற்றி அவனிடம் சொல்ல நினைத்தேன். கிளம்பும்போது பல்லக்குக் கயிறு அவிழ்ந்து ஒரே களேபரம், சொல்லவில்லை.

மல்லாரியை விடாமல் ஊதிக்கொண்டே போனான். அவன் வேகம் எனக்குப் புதுசு. அவன் விரலைப் பார்த்துக்கொண்டே அடித்துக்கொண்டு போனேன்.

ஒரு வீட்டு வாசலில் ஜனனி தேங்காய்த் தட்டோடு நின்றாள். யார் வீடு இது என்று நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் வீடு. அண்ணன் வீடு இரண்டாவது தெருவில், பாதி தூரத்தில். கிணற்று முக்கை எனக்கே தெரியாமல் தாண்டி வந்திருக்கிறோம்.

அவர் வெளியே வரவில்லை. பெருமாள் நின்றார். ஜனனி தேங்காய் கொடுத்தாள். சத்யராஜ் அடுத்ததை எடுத்தான், நானும் சேர்ந்துகொண்டேன்.